மாத்தளையின் எண்ணெய் முதலாளி

மாத்தளை மாவட்டத்தில் எண்ணெய் வளம் உண்டு. இந்த மகத்தான உண்மையைப் பாடசாலைப் புத்தகங்கள் இன்றுவரை திட்டமிட்டு மறைத்து வந்திருக்கின்றன. மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று எழுதிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வளமோ பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பல் டாக்டருக்கும் ஸப்வான் ஹாஜியாரின் மிளகுக் கடைக்கும் நடுவில், 'நந்தினி கொமியூனிகேஷன்' என்ற பத்தடிக் கடைக்குள் கம்பீரமாக இருந்தது. மொத்த இருப்பு: சுடரொளி பெற்றோலியம் கம்பனியின் இருநூற்றைம்பது பங்குகள். உரிமையாளர்: திருமதி சிவநந்தினி யோகராஜ்.

சிவநந்தினிக்கு போட்டோகொப்பி அடிப்பதும், அடையாள அட்டைக்கு லெமினேட் போடுவதும், விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுப்பதும் தொழில். ஒரு கலர் மெஷின் வாங்க வேண்டும் என்று நாலு வருஷமாகச் சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்திருந்தாள். சேர்த்து முடிப்பதற்குள் மெஷின் விலை ஒரு படி மேலே போய் நின்றது. அப்போதுதான் ஹாஜியார் பொருளாதார ஆலோசனை வழங்கினார்.

"காச பேங்க்ல தூங்க விடாதீங்க தங்கச்சி. எண்ணெக் கம்பனியில போடுங்க. எண்ணெய எதுல ஊத்தினாலும் மேலதானே வந்து நிக்குது?"

"அப்ப நீங்க போட்டிருக்கீங்களா ஹாஜியார்?"

"நானா? நான் மிளகுக்காரன்."

இவ்வளவு தெளிவான ஆய்வுக்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? கண்டிக்குப் போய்ப் பங்குக் கணக்குத் திறந்து, சீட்டுக் காசு முழுவதையும் சுடரொளியில் போட்டாள். ஒரு மாதத்தில் கம்பனியிலிருந்து வழுவழுப்பான கடிதம் வந்தது: 'மதிப்பிற்குரிய பங்குதாரரே, இந்தக் கம்பனி உங்களுடையது.'

அதை அவள் ஏழு தடவை வாசித்தாள். வீடு மாமியார் பெயரில். கடை வாடகைக்கு. புருஷன் யோகராஜ் ஓட்டும் த்ரீவீல் லீசிங் கம்பனிக்குச் சொந்தம். 'உங்களுடையது' என்று அவளிடம் முதன்முதலாகச் சொன்னது ஒரு பெற்றோலியக் கம்பனிதான். கடிதத்தை இரண்டு பக்கமும் லெமினேட் போட்டு, மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டினாள்.

யோகராஜ் அதை அண்ணாந்து வாசித்தான். "ஒன்னோட கம்பனின்னா, எனக்கு ரெண்டு லீட்டர் சும்மா ஊத்தச் சொல்லேன்."

"பேசாம இருங்க. நிர்வாகத்துல தலையிடக் கூடாது."

பங்கு வாங்கிய மூன்றாம் மாதம் வளைகுடாவில் இரண்டு நாடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏவுகணை எறியத் தொடங்கின. நீரிணை மூடப்பட்டு, எண்ணெய்க் கப்பல்கள் கடலில் நின்ற இடத்திலேயே நின்றன. கண்டிக்கு அப்பால் போய்ப் பழக்கமில்லாத சிவநந்தினிக்கு இப்போது எந்த நீரிணை எவ்வளவு அகலம் என்பது தெரிந்தது. பங்கு விலை ஏறியது. பெற்றோல் விலையும் ஏறியது. யோகராஜ் பெற்றோல் ஷெட் வரிசையில் ஐந்து மணித்தியாலம் நின்று, வெயிலில் வெந்து கடைக்கு வந்தபோது, அவள் போனில் அன்றைய பங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சிரிக்கிற?"

"சிரிக்கலங்க. பல்லு வலி."

"பக்கத்துலதானே டாக்டரு, போய்க் காட்டு."

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் நின்ற சிவநந்தினிக்கு என்ன கேட்பதென்றே விளங்கவில்லை. சண்டை நின்றால் பங்கு விழும். நிற்காவிட்டால் புருஷன் விழுவான். கடைசியில், "சண்ட நடக்கட்டும் தாயே, ஆனா யாருக்கும் அடிபடக் கூடாது. எண்ணெ வெல ஏறட்டும், பெற்றோல் வெல ஏறக் கூடாது" என்று வேண்டிக்கொண்டாள். உலக வல்லரசுகள் மாநாடு கூட்டியும் இதைவிடச் சிறந்த தீர்மானத்தை நிறைவேற்றியதில்லை. அம்மன் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் சுவரில் தொங்கிய கடிதம் ஊரின் கண்ணில் பட்டுவிட்டது. கொப்பி அடிக்க வந்தவர்கள், "அக்கா, நம்ம கம்பனிக் கப்பல் எப்ப வருது?" என்று கேட்டார்கள். லக்கலவிலிருந்து ஒரு விவசாயி, இருக்கிற ஒரே பஸ்ஸில் வெறும் கேனோடு வந்து இறங்கினார். இரவில் யானை விரட்ட லைட் போடும் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டுமாம். "நோனாதான் முதலாளின்னு சொன்னாங்க" என்று அவர் சிங்களத்தில் பணிவோடு சொன்னபோது, இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பிளேன்டீ கொடுத்து, யோகராஜுக்குத் தெரிந்த ஆளிடம் அனுப்பி, அரைக் கேன் நிரப்பிக் கொடுத்தாள்.

அது மாநகர சபைத் தேர்தல் காலம். வேட்பாளர் உதயராஜ் மக்களுக்காகப் போராடத் துடித்துக்கொண்டிருந்தார். ஆனால் எங்கே போராடுவது? ஊர் பெற்றோல் ஷெட் அவருடைய மச்சானுடையது. கம்பனித் தலைமையகமோ கொழும்பில். கொழும்புக்குப் போய்ப் போராடப் பெற்றோல் இல்லை. நடந்து போகும் தூரத்தில் ஒரு முதலாளி அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்.

ஒரு புதன்கிழமை அவரே கடைக்கு வந்து துண்டுப் பிரசுரம் ஒன்றை நீட்டினார். "முந்நூறு அடிங்க தங்கச்சி."

சிவநந்தினி வாசித்தாள்: 'மாத்தளையின் இரத்தத்தை உரிஞ்சும் எண்ணெய் முதலாளியே, பதில் சொல்!'

"யாருங்கண்ணே இந்த முதலாளி?"

"நீங்கதான் தங்கச்சி. மனசுல வச்சுக்காதீங்க. தனிப்பட்ட முறையில ஒன்னுமில்ல."

அவள் தாளை மறுபடி பார்த்தாள். "'உறிஞ்சும்'னா பெரிய 'றி' வரணும்ண்ணே."

"திருத்திருங்க. கலர்ல வருமா?"

"கலர் மெஷின் இல்லீங்களே."

"எண்ணெக் கம்பனி முதலாளி, ஒரு கலர் மெஷின் இல்லையா?" என்றார் உதயராஜ். அவர் குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது.

மறுநாள் காலை கடை வாசலில் 'மாபெரும் மக்கள் எழுச்சி' நடந்தது. நாற்பது பேர் எழுந்திருந்தார்கள். த்ரீவீல் சங்கம் எல்லா அங்கத்தவர்களையும் வரச் சொல்லிக் கட்டளையிட்டிருந்ததால், இரண்டாவது வரிசையில் யோகராஜும் நின்றான். "எண்ணெய் முதலாளியே!" என்று உதயராஜ் முழங்க, "வெளியே வா!" என்று கூட்டம் முழங்கியது. யோகராஜ் மட்டும் "வெளியே வாங்க!" என்றான். வீட்டில் சாப்பிட வேண்டியவன் அல்லவா?

தக்காளி விற்கும் விலையில் யாரும் எதையும் எறியவில்லை. சிவநந்தினி தேநீர்ப் போத்தலோடு வெளியே வந்தாள். உதயராஜ் கோரிக்கை மனுவை அவள் கையில் கொடுத்தார். கோரிக்கைகள் இரண்டு: எரிபொருள் விலையைக் குறைக்க வேண்டும், நீரிணையைத் திறக்க வேண்டும்.

"கடல நான் எப்படிண்ணே திறக்கிறது?"

"மேலிடத்துல பேசிப் பாருங்க தங்கச்சி."

அவள் 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு லேசாகப் பெருமையாகவும் இருந்ததை மறைப்பதற்கில்லை. அன்று பொழுது சாய, கோஷம் போட்டுத் தொண்டை கட்டிய புருஷனுக்கு அவளே இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டு அவித்துக் கொடுத்தாள்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கையில் அற்புதம் நிகழ்ந்தது. எரிபொருள் விலையைக் குறைத்து அரசாங்க அறிவிப்பு வந்தது. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்க வேண்டிய நிலைக்குக் கம்பனி வந்ததும், பங்கு ஒரே காலையில் தலைகுப்புற விழுந்தது. சிவநந்தினி போட்டதில் பாதி கூட மிஞ்சவில்லை. பஸ் நிலையத்தில் பட்டாசு வெடித்தது. "அக்கா மேலிடத்துல பேசிட்டாங்க!" என்று கடை வாசலில் வந்து கைகொடுத்தார்கள். லக்கல விவசாயி ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். கலர் மெஷின் போன அதே மணித்தியாலத்தில் அவள் பூசணிக்காயைப் புன்னகையோடு வாங்கிக்கொண்டாள்.

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதாள். குனிந்து உள்ளே வந்த யோகராஜ் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"விடு புள்ள. இனி ஒரு நாளைக்கு ரெண்டு ஹயர் கூட ஓடலாம். மெஷின் காசு சேர்ந்துரும்."

"நாலு வருஷங்க."

"அதான் எப்படிச் சேர்க்கிறதுன்னு ஒனக்குத் தெரியுமே" என்றவன், பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தான். "நல்லா வெளைஞ்சது. இன்னைக்கே கறி வை."

உதயராஜ் அமோகமாக வென்றார். பத்து நாள் கழித்து, சால்வையோடு கடைக்கு வந்து, தன் சொத்து விபரப் பத்திரத்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய பங்குத் தரகரின் கடிதத்தையும் நீட்டினார்.

"நாலு கொப்பி தங்கச்சி."

கைக்கு வரும் தாளையெல்லாம் வாசிப்பது அவளுடைய தொழில் தோஷம். தரகரின் கடிதத்தில் சுடரொளி பெற்றோலியம் இருந்தது. நாற்பதாயிரம் பங்குகள். வாங்கியது, வளைகுடாவில் சண்டை தொடங்கிய வாரம். விற்றது, விலை குறைப்பு அறிவிப்புக்கு முதல் நாள்.

"அண்ணே, நீங்களும் முதலாளியா?"

"சேச்சே! நான் ஒரு சிறு முதலீட்டாளன்."

"சரியா மொத நாளே எப்படி வித்தீங்க?"

"கொழும்புல நம்ம பெரியவரு ஒருத்தரு போன்ல சொன்னாரு தங்கச்சி, நாளைக்குக் குறையப் போவுதுன்னு."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

உதயராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எப்படித் தங்கச்சி சொல்றது? நீங்க மக்கள் விரோதியாச்சே."

நாலு கொப்பியை வாங்கிக்கொண்டு அவர் போனார். மூலப் பிரதிகளைக் கண்ணாடித் தட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். சிவநந்தினி ஒரு தலைப்பை டைப் பண்ணி, தரகரின் கடிதத்துக்கு மேலே வைத்தாள். எண்ணெயில் போனது போகட்டும் என்று மெஷினின் எண்ணில் கை வைத்தாள். நாலை அழுத்தி, பக்கத்தில் இரண்டு பூச்சியம் சேர்த்தாள்.

மத்தியானத்துக்குள் பஸ் நிலையம் முழுவதும் அந்தத் தாள் கைமாறியது. ஹாஜியார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தங்கச்சி, இது என்னா வேல?"

"பாராட்டுப் பத்திரம் ஹாஜியார். தலைப்பு மட்டுந்தான் நான் டைப் பண்ணினது."

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்:

'எரிபொருள் விலை குறையப்போவதை ஒருநாள் முன்பே அறிந்து, அந்த நற்செய்தியைத் தன் நாற்பதாயிரம் பங்குகளுக்கு மட்டும் அறிவித்த நமது மக்கள் தொண்டருக்கு, விஷயம் தெரியாமல் மாட்டிக்கொண்ட மக்கள் விரோதியின் மனமார்ந்த வாழ்த்துகள்.'