அம்மா ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்

மதிப்பிற்குரிய சித்திக்கு,

வணக்கம். கடிதம் என்றால் எல்லாரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆகவே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் கழுத்து மட்டும் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. அதற்குக் காரணம் கலை. அது பின்னால் வரும். சித்தப்பாவின் முழங்கால் தேவலை என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் தேவலை என்றே பதில் எழுதுங்கள், அதுதான் முறை.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு வரி: அந்தப் பெண் இன்னும் ஆறு மாதம் உங்கள் வீட்டிலேயே தங்கலாமா, ஆமா, இல்லையா. கலைஞர்களைத் தங்கவைத்து ஆதரிக்கும் உங்கள் திட்டத்தின் செயலாளராகக் கேட்கிறீர்கள். தங்கையாகக் கேட்டால் அம்மா போனை எடுக்க மாட்டாள் என்பதால்தான் எனக்கு எழுதுகிறீர்கள் என்பதும் தெரிகிறது. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் அந்த வார்த்தையை மட்டும் அனுப்பினால் யாருக்கும் நியாயம் செய்ததாகாது. கலைஞர்கள் தங்கும் விடுதியின் கூரை ஒழுகுகிறது, அக்கா வீட்டில் வெளியூர் போன மகனின் அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று நீங்கள் எங்கள் முகவரியைக் கொடுத்தீர்கள். அம்மாவுக்குக் கோபம் பெண் வந்ததில் இல்லை, கேட்காமல் கொடுத்ததில். “என் வீட்டு அட்ரஸ் என்ன தெருக்குழாயா, போறவ வர்றவ எல்லாம் திறந்து விட?” என்று அன்று சொன்னவள்தான், அதற்குப் பிறகு உங்கள் பெயரை எடுக்கவில்லை. பெயரை எடுக்காமலேயே உங்களைப் பற்றித் தினமும் பேசுகிறாள், அது வேறு.

முதல் நாள் அந்தப் பெண் மூன்றுகால் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறி வந்ததைப் பார்த்த கீழ்வீட்டுக்காரர், இடத்தை அளக்க ஆள் வந்தாயிற்று, சுவர் இடிபடப் போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இல்லை, படம் எடுக்க வந்திருக்கிறாள் என்று அப்பா விளக்கப் போய், அரை மணிக்குள் இரண்டு பேர் தலைவாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். அப்பா அவளுக்கு டைரக்டர் என்று பெயர் வைத்தார். படத்தில் கதை உண்டா என்று கேட்டார். இல்லையாம். பாட்டு? இல்லையாம். யார் நடிக்கிறார்கள்? இப்போதைக்கு உங்கள் வீட்டு வாளி, என்றாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் புத்தகத்தைப் பார்த்தேன். சித்தி, நான் கேலி செய்யவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் பார்த்த வாளியில் அவள் எதைப் பார்க்கிறாள் என்று. ஒரு வாரம் துணி துவைக்கும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சுற்றுவதைப் படம் பிடித்தாள், பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து மெஷின் ரிப்பேரா, இந்தப் பொண்ணு நல்லா பாக்குமா, எங்க வீட்டுக்கும் அனுப்புங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வாளியை எடுத்தாள். குழாயிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் விழுகிறது, வாளி நிரம்புகிறது, அவ்வளவுதான். அப்பா தூங்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அதைப் பார்க்க உட்கார்ந்தார். வாளி முக்கால் நிரம்பியபோது நிமிர்ந்தார், விளிம்பு நெருங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார், விளிம்பில் தண்ணீர் நடுங்கி நின்ற நேரத்தில் படம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை பல்கூடத் துலக்காமல் அவள் அறைக் கதவைத் தட்டி, வழிஞ்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்றார். “எனக்கும் தெரியாது அங்கிள். கேமராவுல மெமரி கார்டு நிறைஞ்சு போச்சு” என்றாள் அவள். அன்றிலிருந்து அப்பா இந்த வகைக் கலையின் ஆள்.

வாளி, மெஷின் எல்லாம் கை பழகத்தான். அவள் உங்கள் திட்டத்தில் எழுதிக் கொடுத்த வேலை, ஓயாமல் நடமாடுகிற ஒருவர் ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பதை ஒரே மூச்சில் வெட்டாமல் எடுப்பது. அது முடிந்தால் ஆறு மாத ஆதரவு, முடியாவிட்டால் பழையபடி கல்யாண வீடியோவில் மாலை மாற்றும்போது பூ தூவ வைக்கும் வேலைக்கே திரும்ப வேண்டும் என்று, காபி ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதால்தான் எனக்கு அது உறுத்தியது. என்னைக் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், என் நகநுனிகூடப் படத்தில் வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவள் சிரித்துவிட்டு, நீங்க எப்பவும் உட்கார்ந்துதானே இருக்கீங்க, எனக்கு வேண்டியது ஆன்ட்டி, என்றாள். அம்மா அடுப்பைத் துடைத்தபடியே, உக்கார்றதெல்லாம் ஒரு வேலையா, எடுத்துக்கோ என்றாள். அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சும்மா உட்கார்வதில் இந்த வீட்டில் தனக்குத்தான் அனுபவம், ரிட்டயர் ஆன நாளிலிருந்து இடைவிடாத பயிற்சி, தன்னைக் கேட்கவே இல்லையே என்று முனகினார். பாவம் என்று அவரை வைத்து ஒரு ஒத்திகை எடுத்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தூரத்தில் எதையோ இழந்தவர் மாதிரிக் கழுத்தை வளைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே பெருமூச்சு விட்டார். சும்மா இருக்கச் சொன்னா நடிக்கிறீங்களே அங்கிள் என்றாள். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. டாக்டரிடம் காரணம் சொல்லத்தான் சிரமமாக இருந்தது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். ஹாலில் கைப்பிடி வைத்த நாற்காலி, எதிரே கேமரா, அம்மா உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் முந்தானைக்குள்ளிருந்து பூண்டு வந்தது. கை சும்மா இருக்க வேண்டும் என்று டைரக்டர் கெஞ்ச, பூண்டை வைத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் பூண்டை உரித்து, தாளித்து, குழம்பை இறக்கிவிட்டுத்தான் வந்தாள். அடுத்த முறை யாரோ மணி அடித்ததாக எழுந்து போனாள், யாரும் அடிக்கவில்லை. அதற்கடுத்த முறை ஏறக்குறைய பாதி நேரம் ஆடாமல் இருந்தாள், நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம், திடீரென்று முகம் மாறியது, எழுந்து நேராகக் கேமராவை நோக்கி வந்தாள். படத்தில் பார்த்தால் பயமாக இருக்கும் சித்தி, அம்மா பெரிதாகிக்கொண்டே வருகிறாள், வருகிறாள், கடைசியில் திரை முழுக்க முந்தானை. லென்ஸில் தூசியாம். துடைத்துவிட்டு, இப்ப எடும்மா என்றாள். இப்பேர்ப்பட்ட மனுஷியால் ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் போவது ஏன் என்று வீட்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. “உங்கம்மா சைக்கிள் மாதிரி. ஓடினாத்தான் நிப்பா, நின்னா விழுந்துடுவா” என்றார் அப்பா. வேலைதான் அவங்க ஒளிஞ்சுக்கிற இடம், அதை நான் பிடுங்கறேனோன்னு இருக்கு, என்றாள் டைரக்டர். எனக்கோ, அம்மா உட்கார்ந்தால் அவளை ஏதோ ஒன்று வந்து பிடித்துவிடும், அதை அவள் எத்தனையோ வருஷமாக ஓடி ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அது என்ன என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு டைரக்டரைவிட அதிகமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கெங்கோ இருக்கிறவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன்.

உங்கள் திட்டக் குழு படத்தைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி முயற்சியும் போயிற்று. போதும் ஆன்ட்டி, உங்களை ரொம்பப் படுத்திட்டேன் என்று டைரக்டர் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டாள். அம்மா சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லையே என்று நான் எட்டிப் பார்த்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் யாருடையவோ போலக் கிடந்தன. எதையும் பார்க்கவில்லை. சோகமும் இல்லை, களைப்பும் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது வீடு இருக்கிற மாதிரி இருந்தாள். என் பின்னால் டைரக்டர் வந்து நின்றாள். அவள் ஒரு மாதமாகத் தேடியது எதிரே உட்கார்ந்திருக்கிறது, பை தோளில் இருக்கிறது, ஜிப் பாதி திறந்திருக்கிறது. அவள் கை அங்கே போனதை நான் பார்த்தேன். பிறகு அந்தக் கை ஜிப்பை மூடியது. “கேட்டுட்டுத்தான் எடுக்கணும். கேட்டா எந்திரிச்சுடுவாங்க” என்று என் காதில் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அம்மா அங்கே எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரியாது. நானும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் உங்களுக்குக் காய்ச்சல், நீங்கள் வரவில்லை. வந்த இரண்டு பேருக்கும் அவள் வீணாய்ப் போனவற்றையெல்லாம் கோத்துப் போட்டுக் காட்டினாள். பெரும்பாலும் காலி நாற்காலிதான். அம்மா வருவாள், போவாள், உள்ளேயிருந்து குரல் கேட்கும், குக்கர் கத்தும். அவர்களில் பெரியவர், படத்தில் இருக்கும் அம்மாளுக்குத் தங்கள் மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டார். கூட வந்த அம்மாள் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று போய்விட்டார்கள். அதற்குப் பிறகு டைரக்டர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயர்களைச் சுருட்டிச் சுருட்டி ரப்பர் போடுகிறாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். அம்மாவிடம் நான்தான் பேச்செடுத்தேன். “நல்ல பொண்ணுதான். ஆனா ஒருத்தி நம்மளையே பாத்துக்கிட்டு இருந்தா, சொந்த வீட்டுல எப்படிடி இருக்கறது? மாசக் கடைசியோட போதும்” என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? படத்தில் நகம்கூட வரக் கூடாது என்றவள் நான்.

ஆகவே சித்தி, எங்கள் வீட்டின் பதில்: இல்லை. தயவுசெய்து அவளுக்கு வேறு நல்ல வீடாகப் பாருங்கள். கேட்காமல் எடுக்காதவள் என்று குழுவில் நீங்களே சொல்லுங்கள். அது எந்தப் படத்திலும் தெரியாது. சித்தப்பாவுக்கு என் வணக்கம், வாண்டுகள் இரண்டுக்கும் அன்பு. அப்பா கழுத்தைத் திருப்பாமல் உங்களை விசாரிக்கிறார்.

உங்கள் அன்பு மறவாத
அக்கா மகள்

பின்குறிப்பு: தபாலில் போடுகிறேன் என்று கடிதத்தை வாங்கிய அம்மா, நின்றுகொண்டே முழுவதும் படித்துவிட்டாள். தன்னை ஏதோ துரத்துகிறது என்று நான் எழுதியதற்கு ஒரு குட்டு வாங்கினேன். ஒன்றும் துரத்தவில்லையாம். நாற்காலிதான் காரணமாம். முதுகுப் பலகையில் ஓர் ஆணி, சரியாகத் தோள்பட்டையில் குத்துகிறதாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். நாங்கள் இங்கே குடிவந்தபோது அதை நீங்கள் கொடுத்தீர்களாம், உங்கள் காதுக்குப் போனால் வருத்தப்படுவீர்களாம். இத்தனை வருஷம் ஏன் யாருமே அதில் உட்காரவில்லை என்பது எனக்கு இன்றுதான் புரிகிறது. டைரக்டர் பைக்குக் கையைக் கொண்டுபோனதும் எடுக்காமல் போனதும் அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு அறைக் கதவைத் தட்டி, “சுருட்டினதெல்லாம் பிரிச்சுப் போடு. தரையில உக்காந்துக்கறேன், கேட்டுட்டுத்தான் எடு” என்றாள். ஆகவே மேலே ‘இல்லை’ என்று இருப்பதை ‘ஆமா’ என்று வாசிக்கவும். இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரு நிபந்தனை உண்டு. படம் எடுக்கும் அன்று நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார வேண்டுமாம், பேசக் கூடாதாம். கையை வீசிக்கொண்டு வந்தால் போதும், எதுவும் வாங்கி வர வேண்டாம் என்கிறாள், முக்கியமாக உட்காரும்படியான எதையும்.