ஓசி நானாவும் கறுப்பியின் ஒப்பரேசனும்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும், நாய்க்கு ஐந்து சதம் செலவழிக்காமல் வைத்தியம் பார்க்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு நாயும் இல்லை என்பதுதான் இதில் விசேஷம்.

வாப்பா வைத்த பெயர் ஓட்டோ லைசன்ஸில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் ஓசி நானா; நானா என்றால் அண்ணன். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெறுங்கையாக வந்தவர், குறிஞ்சிப்பிட்டியில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில், உடப்பைச் சேர்ந்த நான் கற்பிட்டியில் ஒரு கந்தோருக்கு மாற்றலாகி வந்து குறிஞ்சிப்பிட்டியில் அறை எடுத்தேன். அறையோடு கறுப்பியும் கிடைத்தாள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பெட்டை நாய்.

அவளைப் புத்தளத்தில் ஒரு தனியார் மிருக வைத்தியரிடம் காட்டலாம் என்று ஓசி நானாவின் ஓட்டோவைப் பிடித்தேன். நுரைச்சோலை தாண்டியதும் கேட்டார்.

"தங்கச்சி, நாய்க்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டும் இல்ல நானா. விசர் நோய்க்குத் தடுப்பூசி போடத்தான்."

ஓட்டோ கிறீச்சிட்டு நின்றது. கறுப்பி என் மடியிலிருந்து உருண்டு விழுந்தாள்.

"அதுக்குச் சல்லி குடுக்கப் போறீங்களா? அரசாங்கம் சும்மா போடுதே! வாற கிழமை சுகாதாரக் கந்தோர் ஆக்கள் நம்மட சந்திக்கே வாறாங்க!"

சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார். வாசலில் காசை நீட்டினேன். வாங்கவில்லை. "போய்ச் சேராத பயணத்துக்கு என்ன கூலி?" என்றார். என் செலவை மிச்சம் பிடிக்கத் தன்னுடைய அரைநாள் உழைப்பை விட்டுவிட்டுப் போன மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த கிழமை கறுப்பியோடு சந்திக்குப் போனால், ஓசி நானா தெருநாய்களை ஓட்டோவில் ஏற்றிவந்து இறக்கிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொன்று. ஊசி போட வந்தவர் அட்டையை எடுத்தார்.

"நாய்க்கு என்ன பேர்?"

"பேக்கரி. மற்றது ஜெட்டி, தோணித் துறையில கிடக்கிறது. அங்கிட்டு நிக்கிறது தபால். படுக்கிற இடம்தான் அதுகள்ற பேர்."

"சொந்தக்காரர்?"

நானா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வானத்தைப் பார்த்தது.

"சரி, எண்ட பேரைப் போடுங்க."

பதினொரு அட்டையிலும் அவர் பெயர் ஏறியது. அன்று பின்னேரம் கிணற்றடியில் அவருடைய பெண்சாதியின் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. மார்க்கப்படி நாயின் எச்சில் பட்ட இடமெல்லாம் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவ வேண்டும். நானா ஓட்டோவை எண்ணி எண்ணிக் கழுவினார். எண்ணிக்கை தப்பிவிட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவார்.

ஊசி மட்டுமல்ல, ஆலோசனையும் அவருக்கு ஓசியில்தான் வேண்டும். புத்தளத்துக்கு ஹயர் போனால், அந்தத் தனியார் டொக்டர் பிளேன்டீ குடிக்கிற கடையில் எதிர்க்கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு முறை நானும் கூட இருந்தேன்.

"டொக்டர், நமக்குத் தெரிஞ்ச ஒராள் ரெண்டு நாளா காதைக் காதைச் சொறியுறாரு."

"நான் மனிசருக்கு வைத்தியம் பாக்கிறதில்ல, நானா."

"அதுதான் உங்களிட்டக் கேக்குறேன். அவருக்கு வால் இருக்கு."

டொக்டர் பெருமூச்சு விட்டு, காதை எப்படித் துடைப்பது, என்ன மருந்து விடுவது என்று எல்லாம் சொன்னார். நானாவின் பிளேன்டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

ஆடி மாதம் உடப்பில் தீமிதிப்பு. பத்து நாள் லீவு போட்டு, கறுப்பியை நானாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கறுப்பி வயிற்றில் துணி சுற்றியபடி கிடந்தாள். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. நான் பையைப் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"பயப்புடாதீங்க தங்கச்சி," என்றார் நானா. "கர்ப்பப்பையில சீழ் புடிச்சிட்டு. ஒப்பரேசன் பண்ணி எடுத்தாச்சு. இனி நல்லம்."

"ஐயோ, எவ்வளவு காசு முடிஞ்சது நானா?"

"என்னத்த முடியுறது? அரசாங்கத்து ஆக்கள்தானே. ஓசி."

ஓசி விஷயத்தில் அவர் சொல்லை யார் சந்தேகிப்பது? நானும் நம்பினேன்.

மூன்று கிழமை கழித்து, கந்தோர் வேலையாகப் புத்தளம் போன இடத்தில் அந்தத் தனியார் டொக்டரைக் கண்டேன். என்னை அடையாளம் தெரிந்தது.

"கறுப்பி எப்படி? தையல் காஞ்சிட்டுதா?"

"கறுப்பியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டினதே நான்தானே! ஒரு நாள் பிந்தியிருந்தா முடிஞ்சிருக்கும். அண்டைக்கு மட்டும் அந்த மனிசன் விலையே கேக்கல்ல. 'பிழைக்குமா டொக்டர்'னு மட்டும் கேட்டாரு. முடியுற மட்டும் வாசல்ல நிண்டு ஓதிட்டே இருந்தாரு. ஓட்டோவுக்குப் புது ஹூட் போட வச்சிருந்த சல்லியாம், அப்படியே மேசையில வச்சாரு."

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டோக் கூரையின் கிழிந்த ஹூட்டை நைலோன் நூலால் தைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, டொக்டரைச் சந்திச்சேன்."

தைத்த கை நின்றது. "அந்தாளுக்கு வாய் நிக்காது," என்றார். பிறகு நிமிராமலே சொன்னார். "கோயிலுக்குப் போய்ட்டுச் சந்தோசமா வாறீங்க. வந்து இறங்கின உடனே தலையில கடனைத் தூக்கி வைக்கிறதா? நாய் உசிரோட இருக்கு. அது போதும்."

நான் கொண்டுபோன காசை அவர் தொடவில்லை. மறுநாள் கற்பிட்டிக் கடையில் புது ஹூட்டை வாங்கி, அவர் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பெண்சாதியிடம் கொடுத்தேன். கிணற்றடியில் அத்தனை சத்தம் போட்ட அந்த மனுசி, ஹூட்டைத் திரும்பியும் பார்க்காமல், "கறுப்பிக்குப் புண் ஆறிட்டுதா? நானும் அல்லாஹ்விட்ட துஆ கேட்டேன்," என்றார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்மார் மூன்று பேர். நல்லவர்கள்தான். ஆனால் ஒருவரும் எனக்காக இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.