ஆம்புலன்ஸ் வினாவை வென்ற படலம்

வாழ்க சோணைமுத்து! விருதுநகர்ப் பக்கத்துச் சுகாதாரத்துறை அலுவலகமொன்றில் கோப்புக்கட்டுக் கோட்டையைக் காத்த உதவியாளன், குண்டூசி ஏந்திய கோமான், வந்த மனுக்களையெல்லாம் அடுத்த மேசைக்கே புறமுதுகிட்டு ஓடவைத்த தீரன், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணியில், சட்டமன்றத்திலிருந்து பாய்ந்து வந்த மூன்றுதலை வினாவொன்றோடு பொருத போரைப் பாடப் புகுகிறேன். மின்விசிறிகளே, சற்று ஓசை அடங்குங்கள்!

வினாவின் பிறப்பு இது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றி வலக்கை வெந்த பாண்டியை ஏற்றிச் செல்ல, ஊர்ச் சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் வரவில்லை. சிகிச்சை தாமதித்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவன் மனைவி வேலுத்தாய், காதுகுத்து வீட்டுப் பந்தியில் எம்.எல்.ஏ.வை மறித்து, அவர் இலையில் சோறு விழுமுன் முறையிட்டாள். அவர் எதிர்க்கட்சி, எழுந்து பேசினால் உட்காரச் சொல்வார்கள். ஆகவே எழுதிக் கேட்டார்: (அ) அந்நிலையத்தில் ஆம்புலன்ஸ் உள்ளதா? (ஆ) அது ஓடும் நிலையில் உள்ளதா? (இ) இல்லையெனில், காரணம் யாது?

முதல் தலையை 'ஆம்' என்ற ஒரே வீச்சில் கொய்தான் சோணைமுத்து. இரண்டாம் தலையோ நஞ்சுடையது. 'இல்லை' என்றால் மூன்றாம் தலை சீறியெழுந்து, அமைச்சர் முதல் அவன் வரை அத்தனை பேர் குரல்வளையையும் கவ்வும். பொய்யாக 'ஆம்' என்றாலோ சட்டமன்ற உரிமை மீறல் என்னும் குற்றம். வண்டியோ, போன ஆண்டு இருக்கன்குடித் திருவிழாப் பணிக்குப் போய்த் திரும்பிய நாள் முதலாக, டயரும் பேட்டரியும் இழந்து, செங்கல் மேல் தவமிருந்தது.

கையெழுத்திடும் நாளில் மெய்யாக இருந்தால் போதும்! இந்த மந்திரம் நெஞ்சில் உதித்ததும் அவன் படை திரட்டினான். மலேரியா ஜீப்பிலிருந்து நான்கு டயர், மைக்செட்காரரிடமிருந்து ஒரு பேட்டரி, எல்லாம் ஒருநாள் இரவல். புதன் காலை எட்டு மணிக்குச் சுகாதார நிலையத்தில் அவன் நின்று பார்க்க, ஓட்டுநர் சின்னச்சாமி சாவியைத் திருக, கார்மேகம் கக்கி, காகங்கள் கலைந்தோட, கட்டவிழ்ந்த களிறுபோல் வண்டி வளாகத்தை ஒருமுறை வலம்வந்தது. அக்கணமே அலுவலகத்துக்குப் போனில் முழங்கினான் வீரன்: "ஓடுகிறது! பதிலை ஃபேக்ஸில் விடுக! மூன்றாம் வினா எழவில்லை!"

திரும்பினால், மதுரை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க வந்திருந்த வேலுத்தாய், பாண்டியோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இறங்குங்க. இது சும்மா ஓட்டிப் பாக்கிறதுக்கு."

"அப்ப மதுரை வரைக்கும் ஓட்டிப் பாருங்க சார். பன்னெண்டு மணிக்கு இவுக கைக்கு ஆபரேசன். இன்னைக்கு விட்டா எப்பன்னு தெரியாது."

"டயரைத் திருப்பிக் குடுக்கணும்மா."

"வண்டி வரலைன்னு எம்.எல்.ஏ.கிட்டச் சொன்னவளே நாந்தேன். நீங்க எழுதுனது பொய்யின்னும் நானே போய்ச் சொல்லிருதேன். இறங்கட்டா?"

"அண்ணே, இந்தக்கா சொன்னா சொல்லிரும்" என்றான் சின்னச்சாமி.

"சங்கு ஊதுமாண்ணே இதுல?" என்று கேட்டான் பாண்டி.

அரசின் சொல்லை அரசே காக்க வேண்டிய அந்தப் பேரிக்கட்டில், டயருக்குப் பிணையாகத் தானும் முன்னிருக்கையில் ஏறினான் சோணைமுத்து. தன் சொல்லுக்குத் தானே சிறைப்பட்ட அவ்வீரனைச் சுமந்து, சைரன் வெற்றிச்சங்காய் முழங்க, லாரிகள் சிற்றரசர்போல் ஒதுங்கி வழிவிட, விருதுநகரைத் தாண்டி, கள்ளிக்குடியைத் தாண்டி, வடதிசை நோக்கி விரைந்தது அவ்விரவல் தேர். அதே வேளையில் சென்னையில், 'ஆம், ஓடும் நிலையில் உள்ளது' என்னும் பொன்வாசகம், மறுக்கவும் துணைவினா தொடுக்கவும் வழியற்ற எழுத்துப் பதிலாய், பேரவை ஏட்டில் என்றும் அழியாதபடி ஏறியது.

வண்டி திருமங்கலத்துக்கு முன்னால் நின்றுவிட்டதால், பாண்டிக்குக் கார்த்திகையில் வேறு தேதி போட்டுக் கொடுத்தார்கள்.