அப்பாவின் மெசினும் மாமியின் நொச்சியிலையும்

கரம்பொன்,
09.02.2004

பாசமுள்ள நிமலினி அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் பாரிஸ் குளிரோடு சமாதானமாய் இருப்பீர்கள் என நம்பித் தம்பி டிலோன் எழுதுவது.

கரம்பொன்னைப் பிறப்பிடமாகவும் எங்கள் குசினிக் கூரையை வதிவிடமாகவும் கொண்ட சிவப்புச் சேவல் அகால மரணமடைந்ததை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறேன். மாக்கிறேற் மாமி அதை அப்பாவுக்குச் சூப் வைத்தார். வாயில் குழாயோடு மெசினில் மூச்சுவிடுகிறவர் குடிக்க ஏலாது என்று நேர்ஸ் திருப்பியனுப்ப, நான் குடித்தேன். சேவலின் ஆன்மாவும் என் வயிறும் ஒன்றாகச் சாந்தியடைந்தன.

குடல் ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பாவை மெசினில் போட்டது உங்களுக்குத் தெரியும். அங்கே கிடந்த இடத்தில் நிமோனியாவும் வந்துவிட்டது. ஊசி ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. டொக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஊசியும் போகட்டும். அதோட கிருமிக்கு அடிக்கிற மருந்தைப் புகை மாதிரி ஆக்கி, குழாயால நெஞ்சுக்குள்ள விடுவம். நேரா நோயுள்ள இடத்துக்குப் போகும். ஆனா சுகம் வரும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அரை டொக்டர் மாதிரித் தலையாட்டி, "விடுங்கோ" என்றேன்.

மாமிக்கு அது தடிமனுக்கு ஆவி பிடிக்கிற வேதாகவே விளங்கியது. மறுநாள் உரப்பை நிறைய நொச்சியிலையும் ஒரு போர்வையுமாக நேர்ஸிடம் வந்து நின்றார்.

"மிஸ்ஸி, நொச்சி இல்லாமல் என்ன வேது? மெசினுக்கை ரெண்டு பிடி போடுங்கோ. மூடிவிடப் போர்வையும் கொண்டந்தனான்."

"அம்மா, உது வேது இல்லை. அன்ரிபயோற்றிக்" என்றார் நேர்ஸ்.

"அது கிடக்கட்டும். நொச்சிக்கு மேலாலை போடுங்கோ."

நேர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. வேது மூக்கோடு நின்றுவிடும், இந்தப் புகை சுவாசப்பையின் அடிவரை போகும் என்று நான்தான் மாமிக்கு விளக்கினேன்.

"அப்ப என்ரை அண்ணை எழும்புவாரோடா?"

நான் உரப்பையை வாங்கித் தூக்கிக்கொண்டேன்.

அக்கா, காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்றுக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். ஊசியாலா, புகையாலா, அந்தோனியாராலா என்று வீட்டில் தகராறு. தினமும் கட்டிலடியில் கண்கலங்காமல் நின்றவன் என்ற முறையில் நானும் ஒரு பங்கு கேட்டிருக்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்களையும் உங்கள் ஹீற்றரையும் காப்பாராக.

இப்படிக்கு,
வீட்டின் தற்காலிகத் தலைவர்,
டிலோன்

பி.கு.: அம்மா வாசித்துவிட்டு, "உள்ளதை எழுது" என்கிறார். கட்டிலடியில் நின்றது மாமி. "விடுங்கோ" என்றது அம்மா. விளக்கம் கொடுத்தது நேர்ஸ். அந்த மெசின் சத்தத்துக்குப் பயந்து நான் ஒருநாளும் வாட்டு வாசலைத் தாண்டவில்லை. நேற்றுத்தான் மாமி பிடித்து உள்ளே தள்ளினார். அப்பா குரல் சரியாய் வராமல், "பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று கேட்டார். நான் அழுத அழுகையில் நேர்ஸ் அப்பாவை விட்டுவிட்டு என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணி தந்தவ.