ஆறு அடித்த கதை

என் வாழ்நாளில் நான் சிக்கனம் பிடித்தது ஒரே ஒரு சொல்லில்தான். அந்தச் சிக்கனத்தால் என் வருங்கால மாமனார் முழங்கால்வரை நனைந்தார்.

அப்போது கோலாலம்பூர் ஓரிடத்தில் உட்காராத ஊராக இருந்தது. பெருவெள்ளம் கடைத்தெருவுக்குள் சம்பான் படகு ஓட்டிவிட்டுப் போனபின், வளைந்து வளைந்து ஓடிய கிள்ளான் ஆற்றை நேராக வெட்டிவிடுவதென்று சர்க்கார் தீர்மானித்திருந்தது. ஆறு நகர்ந்தால் ஊரும் நகரத்தானே வேண்டும்? இந்தக் கரையில் படுத்தவன் எழுந்து பார்த்தால் அந்தக் கரையில் கிடப்பான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருச் சலவைக்காரர் என்னைக் கண்டபோதெல்லாம், "கிராணி ஐயா, கடைசியில நான் ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்பார். ஆற்றுவேலை அலுவலகத்தில் நான் இளைய கிராணி. (குமாஸ்தாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.) ஆனாலும் ஆற்றைக் கயிறு கட்டி இழுத்துப்போவதே நான்தான் என்பதுபோல், "யோசிச்சுச் சொல்றேன்" என்பேன்.

எனக்கும் இருப்புக்கொள்ளாத காலம்தான். ரயில்வேயில் பெரிய கிராணியாக இருந்த இராசையாவின் மகள் தங்கத்தை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். அவர் சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "பொடியன் என்ன வேலை செய்யிறான் எண்டு ஒருக்காப் பாப்பம்" என்று யாழ்ப்பாணத்து நிதானத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று, புதுக் கால்வாயில் தண்ணீர் விடும் விழாவுக்கு அவரை அழைத்துவிட்டேன்.

ஆற்றுக்கும் புதுக் கால்வாய்க்கும் நடுவே ஒரு மண்ணணை இருந்தது. அதை மாலை ஆறு மணிக்கு வெட்டவேண்டும். எங்கள் இஞ்சினியர் துரை இதை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் மண்டோரிடம், அதாவது கூலிகளின் மேற்பார்வையாளரிடம், தமிழில் சொல்லவேண்டும். ஒரு கிளிப்பிள்ளை செய்யக்கூடிய வேலை. ஆனால் கிளிப்பிள்ளை இலக்கணம் படித்ததில்லை. நானோ நன்னூலை முடித்த சூட்டில் இருந்தேன். மிகைபடக் கூறல் குற்றமல்லவா? 'அடிப்பது' என்றாலே மணிதான், அப்புறம் 'மணி' என்று வேறு எதற்குச் சொல்லவேண்டும்?

"ஆறு அடிச்ச உடனே அணையை வெட்டிவிடுங்கோ" என்றேன்.

மண்டோர் முனியாண்டி தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு அடிக்குமா ஐயா?"

"அடிக்காமல்? ஒரு நாளும் தவறாது." (பாடாங் மைதானத்து மணிக்கூண்டின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.)

"லேசா அடிச்சாப் போதுமா, பலமா அடிக்கணுமா?"

மணியோசை முழுக்க முடியும்வரை காத்திருப்பதா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்தேன். "முதல் அடியே போதும். அதுக்குப் பிறகு என்னைக் கேக்க வேண்டாம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காய்ந்து கிடந்த கால்வாயின் அடியில் நாற்காலி போட்டு, இனி ஆறு ஓடப்போகும் தரையில், தண்ணீர் வருமுன் நாம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் என்னுடையதே. துரைக்கு அது பிடித்துப்போயிற்று. முன்வரிசையில் துரைக்குப் பக்கத்திலேயே இராசையாவை உட்காரவைத்தேன். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, மடியில் குடை.

நான் மட்டும் உட்காரவில்லை. தலைப்பாகையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள் என்பேன், கரைக்கு ஓடுவேன், திரும்பி வந்து நாற்காலியை நகர்த்துவேன்.

"தம்பி, ஓரிடத்திலை இரும். பாக்கிற எனக்குக் களைக்குது" என்றார் இராசையா.

தண்ணீர் வரும் திசையில், கோம்பாக் பக்கம், வானம் கறுத்து, அங்கே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வெயில் இறங்கிவிட்டது, படம் நன்றாக விழும் என்று மகிழ்ந்தேன்.

சீனப் படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஜாங்கான் கெராக்" என்றார். அசையாதே என்று மலாயில் உத்தரவு. எல்லாரும் சிலையானார்கள்.

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம். மணியோசை அல்ல. மழைத்தண்ணீரில் பெருத்த ஆறு வந்து மண்ணணையில் மோதியிருந்தது. முனியாண்டியின் ஆட்கள் சொன்ன சொல் தவறாமல் வெட்டிவிட்டார்கள்.

துரை ஒரே தாவலில் கரையேறினார். (பொறியியல் படிப்பு வீண்போகவில்லை.) பின்வரிசை நாற்காலிகளோடு ஓடியது. இராசையா மட்டும் அசையவில்லை. சர்க்கார் உத்தரவுக்குப் பழகிய உடம்பு. அசையாதே என்றவர் இன்னும் அசையலாம் என்று சொல்லவில்லையே. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது. படக்காரரும் துணிக்குள்ளிருந்து வெளியே வராமல் படத்தை எடுத்து முடித்தார். பிறகுதான் நானும் இரண்டு ஆட்களுமாக மாமனாரை நாற்காலியோடு தூக்கினோம்.

கரையில் முனியாண்டி மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே நெருங்கினார். "ஆறு அடிச்சிருச்சுங்க ஐயா. மொத அடியிலேயே வெட்டிட்டோம்."

தூரத்தில் மணிக்கூண்டு ஐந்து அடித்தது.

என் வேலை போகாமல் தப்பியது. அன்று ஆறு கால்வாய்க்குள் நேராகப் போய்விட்டதால், துரைக்குக் கோபப்பட முழுக் காரணம் கிடைக்கவில்லை. தங்கம்தான் கைநழுவிப் போகிறாள் என்று தோன்றியது. ஒரு வாரம் வீட்டுக்கும் ஆற்றுக்குமாக நடந்து, செந்தமிழில் ஒரு மன்னிப்புரையை மனப்பாடம் செய்துகொண்டு, இராசையா வீட்டுக்குப் போனேன். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கையிலிருந்த எதையோ பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "கலியாணத்துக்கு ஐயர் ஆறாம் தேதி நல்லது எண்டவர். அது வேண்டாம் தம்பி. ஏழாந்தேதி வைப்பம்" என்றார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் ஆறு என்று சொல்வதில்லை. பிள்ளைகள்கூட மணி கேட்டால், "அஞ்சுக்கு அடுத்தது" என்பார்கள். அந்தப் படம் கூடத்தில் தொங்குகிறது. ஓடியவர்களெல்லாம் புகையாகக் கலங்கியிருக்க, தண்ணீர் நடுவே இராசையா மட்டும் கண்ணாடிபோல் தெளிவாக, கம்பீரமாக வீற்றிருக்கிறார்.

என் மன்னிப்புரைதான் அவர் மனத்தை இளக்கியது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா அதைக் கேக்கவேயில்லை. அந்த நேரம் படத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர்" என்றாள் தங்கம். "அவருக்கு ஒரு படமும் அதுக்கு முந்தி நல்லா விழுந்ததில்லை."