ஆதரவு வெள்ளிக்கிழமை மட்டும்

பெண் குலத்தின் உயர்வுக்காக அதிகம் பாடுபட்ட ஆண் யார் என்று எவராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. தன்னடக்கம். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வதோடு சரி.

எங்கள் பஸ் கம்பெனியின் கால அட்டவணைப் பிரிவில் நான் துணை மேலாளர். மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார்; அவர் நாற்காலி காலி. போட்டியில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும் ஒரு பெண்மணி. ஆபீசே அவரைக் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடும். வேலை தெரியும் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது.

எங்கள் பிரிவில் ஒரு புனிதமான மரபு உண்டு. கூட்டத்தில் ஒரு பெண் யோசனை சொல்வார். நாங்கள் டீ குடிப்போம். சற்றுப் பொறுத்து அதே யோசனையை நான் கனத்த குரலில் சொல்வேன். "பிரமாதம்!" என்பார்கள். யோசனைகள் முதிர்ச்சி அடைவது இப்படித்தான்.

இந்த மரபுக்கு ஆபத்து, புகார் பிரிவில் போன் எடுக்கும் பெண்ணின் வடிவில் வந்தது. கடிகாரம் சொல்லி முடித்த மறுகணமே, "அக்கா சொன்ன மாதிரி..." என்று ஆரம்பித்துவிடுவாள். அதை டிக்கெட் பிரிவுப் பெண் பிடித்துக்கொள்வாள்: "ஆமா, அக்கா சொன்னதுதான் சரி." இப்படி ஒவ்வொரு யோசனையும் பெயர் ஒட்டிக்கொண்டே சுற்றினால், அப்புறம் நான் எதைத்தான் சொல்வது? என் வயிறு எரிந்தது, பெருமிதத்தால்.

உடனே 'மகளிர் பரஸ்பர ஆதரவுக் குழு' ஒன்றை நிறுவினேன். தலைவர் நானே. இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பெண்களிடமா விடுவது? வெள்ளிக்கிழமை சாயந்திரம், பழைய டயர் போடும் அறையில், அவர்கள் ஒருவரை ஒருவர் ஆதரித்துக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் ஆதரவுக்கு அனுமதி இல்லை.

"அப்போ கூட்டத்துல அக்கா பேரைச் சொல்லக் கூடாதா சார்?" என்றாள் போன்காரி.

"தாராளமா சொல்லும்மா. வெள்ளிக்கிழமை!"

அடுத்த கூட்டத்தில் கடிகாரம் எழுந்தார். "ஆஸ்பத்திரி பஸ் காலையில லேட்டாப் போகுது சார். நர்ஸுங்க டியூட்டிக்கு ஓட வேண்டியிருக்கு. அதனால பஸ்ஸைக் கொஞ்சம் முன்னாடி எடுக்கணும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கெல்லாம் நேரம் ஏது? "ஆஸ்பத்திரி பஸ் இனிமே எப்பவும் முன்னாடியே கிளம்பும்! இது என் திட்டம்!" என்று மேஜையைத் தட்டினேன். போன்காரி வாயைத் திறந்தாள், காலண்டரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அன்று செவ்வாய்க்கிழமை.

காலையில் திட்டம் அமோக வெற்றி. சாயந்திரம்தான் சின்னச் சிக்கல். நர்ஸுகள் டியூட்டி முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பஸ் காலியாகக் கிளம்பிப் போய்விட்டது. மழை வேறு பிய்த்து வாங்கியது. புகார் போன் ஓயவே இல்லை.

மறுநாள் இயக்குநர் மேடம் நேரிலேயே வந்துவிட்டார். "யாரோட மூளை இது?"

எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த பெண்ணியவாதி விழுந்தடித்து எழுந்தான். "முழுப் பெருமையும் இவங்களுக்குத்தான் மேடம்!" என்று கடிகாரத்தைக் காட்டினேன்.

கடிகாரம் பதறவே இல்லை. "பாதி என்னுது மேடம். சொல்லிட்டிருக்கும்போதே சார் பிடுங்கிக்கிட்டார். மீதி இன்னும் என்கிட்டதான் இருக்கு."

"அக்கா சொன்ன மாதிரி, அக்காவைச் சார் முடிக்கவே விடல," என்றாள் போன்காரி.

"ஆமா மேடம், அக்கா சொன்னதுதான் சரி," என்றாள் டிக்கெட்காரி.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே!" என்று அலறினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"அந்த மீதியைச் சொல்லுங்கம்மா," என்றார் மேடம்.

"சாயந்திரம் பின்னாடி எடுக்கணும் மேடம். அடுத்த ஷிப்ட் ஆளுங்க வந்து பொறுப்பை வாங்கிக்கிட்டாத்தானே இவங்க வெளிய வர முடியும்?"

மேடம் காலியாக இருந்த மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்கார்ந்து விவரமாச் சொல்லுங்க." உட்கார்ந்தவர்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

என் மனசு ஆறவே இல்லை. ஒரு பெண்ணின் யோசனையை அவர் பெயரிலேயே நான் சொன்னது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்குப் போய், "சார் சொன்ன மாதிரி" என்று ஒரு பெண்ணாவது வாயைத் திறந்தாளா?