சார்ந்திருப்போர் பட்டியல்

பதவி உயர்வு வந்த மாதம் மெக்கானிக்கின் கைக்கு வந்த சம்பளம் குறைந்துவிட்டது. பதினாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சம்பளச் சீட்டை மூன்று முறை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

சம்பளப் பிரிவிலிருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். "மேல இருக்கறது மொத்தச் சம்பளம். அது ஏறியிருக்கு. அதனால வரியும் ஏறிடுச்சு, ஓய்வு நிதிக்குப் பிடிக்கறதும் ஏறிடுச்சு. சீனியர் ஆயிட்டீங்கல்ல, இனிமே ஓவர்டைமும் கிடையாது."

"அப்ப எனக்கு என்னதான் ஏறிச்சு?"

"பொறுப்பு" என்றார் அவர்.

மெக்கானிக் நகரவில்லை. சம்பளம் ஏறிவிட்டதென்று மனைவி ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணி ஒரு பாரத்தை நீட்டினார். "சொந்த வருமானம் இல்லாம உங்களை நம்பி வாழறவங்க யாராவது இருக்காங்களா? இதுல எழுதிக் குடுங்க, வரி குறையும்."

பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றவர், கடைசியில் மாமியாரின் பெயரை எழுதினார். மாமியார் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். யூனிஃபார்ம் கம்பெனி ஒன்றுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். அதெல்லாம் ஒரு வருமானமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 'வருமானம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பினார்.

அடுத்த மாதம் வரி குறைந்தது. அதற்கடுத்த வாரமே சம்பளப் பிரிவிலிருந்து ஆள் வந்தது.

"நீங்களும் உங்க மாமியாரும் ஒரே வீட்லதான் இருக்கீங்கன்னு அத்தாட்சி வேணுமாம்."

மெக்கானிக் அன்று மாலையே மாமியார் வீட்டுக்குப் போனார்.

"நீங்க எதுக்கு அத்தை தனியா கஷ்டப்படணும்? எங்களோட வந்து இருங்க."

மாமியாரின் கண் கலங்கிவிட்டது. "நீங்க இவ்வளவு பாசமா கூப்பிடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல மாப்பிள்ளை."

மெக்கானிக் குற்ற உணர்ச்சியோடு அவர் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். மாமியார் இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு பூனை சகிதம் வந்து சேர்ந்தார். படுக்கையறை அவருக்குப் போனது. மனைவியும் அம்மாவோடு போய்ப் படுத்துக்கொண்டாள். மெக்கானிக்குக் கூடத்து சோபா. அதிலும் பாதி பூனைக்கு. காலை ஐந்து மணிக்கு மெஷின் கடகடவென்று கிளம்பிவிடும்.

யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தால்? அந்தப் பயம் வந்ததிலிருந்து, அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் மெக்கானிக் ஓடிப்போய் மெஷின் மேல் போர்வையைப் போட்டார். பால்காரர் வந்தாலும் போர்வைதான்.

"போதும் அத்தை, இனிமே தைக்காதீங்க."

"ஏன் மாப்பிள்ளை?"

"உங்க... கண்ணுக்கு ஆகாது."

மனைவி பதறிப்போனாள். "அம்மா கண்ணுல இவர் ஏதோ பாத்திருக்கார்!" என்று மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். பரிசோதனைக்கும் புதுக் கண்ணாடிக்கும் ஆன செலவு, ஒரு வருடம் முழுக்க மிச்சமாகக்கூடிய வரியைத் தாண்டியது. புதுக் கண்ணாடி போட்டதும் மாமியார் முன்னைவிட வேகமாகத் தைத்தார்.

இந்த நிலையில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'சார்ந்திருப்போர் விவரத்தில் முரண்பாடு. இருவரும் நேரில் வரவும்.'

இரண்டு நாள் மெக்கானிக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போகும், மானம் போகும் என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாமியாரோடு பஸ்ஸில் போகும்போது தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"உங்களைக் கேக்காமலே பண்ணிட்டேன் அத்தை. மன்னிச்சிடுங்க."

மாமியார் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"இது எம் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"தெரியவே வேணாம். இதைப் பத்தி இனிமே நாம பேசவே வேணாம் மாப்பிள்ளை."

என்ன பெரிய மனசு! இப்படிப்பட்டவரையா வருமானம் இல்லாதவர் என்று எழுதினோம் என்று மெக்கானிக் தலை குனிந்தார். எது வந்தாலும் தானே ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

கவுன்ட்டரில் அதிகாரி வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார். "இவங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். பொய் எழுதினது நான்தான். அபராதமோ தண்டனையோ, எதுவா இருந்தாலும் எனக்குக் குடுங்க. இவங்களை விட்டுடுங்க."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரித்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"இருங்க சார், உங்க பாரம் ஒண்ணே ஒண்ணுதான், வேலைவெட்டி இல்லாத மருமகன் ஒருத்தர் தன்னை நம்பித்தான் வாழறார்னு இந்தம்மா ஆறு வருஷமா எழுதிக் குடுத்துட்டிருக்காங்க."